பிசினிலிருந்து பிசினுக்கு: சர்க்கரைப் பூவின் பயணமும் திருவண்ணாமலையும்

திருவண்ணாமலையில் பூவுக்கும் வழக்கு உண்டு. சோதியாய் நின்ற இறைவனின் முடியைக் கண்டுவிட்டதாகப் பிரமன் சொல்ல, தாழம்பூ அதற்குப் பொய்ச்சாட்சி சொன்னது; அன்றுமுதல் அது சிவபூசைக்கு ஆகாத பூவாயிற்று என்பது இத்தலத்தின் கதை. அதே கோயிலில் மகிழமரம் தலமரமாக வணங்கப்படுகிறது. எந்தப் பூவைச் சேர்ப்பது, எதை விலக்குவது என்று நெடுங்காலமாகக் கேட்டுப் பழகிய ஊர் இது. பிறந்தநாளுக்கும் மணநாளுக்கும் கேக் வெட்டும் வழக்கம் இங்கும் வந்து சேர்ந்தது. அந்தக் கேக்கின் மேல் கையால் செய்து வைக்கும் சர்க்கரைப் பூவையும் ஊர் தன் பழைய கேள்வியோடுதான் எதிர்கொண்டது: இதில் என்ன கலந்திருக்கிறது?

இக்கட்டுரை அந்தப் பூ வந்த வழியைத் தேடுகிறது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சர்க்கரைப் பூவின் இளமையில் அதன் இதழைத் தாங்கி நிறுத்தியது செடியின் பிசின். ஐரோப்பாவில் அது வளர வளர, முட்டையின் வெண்கரு அந்த இடத்தைப் பெரிதும் பிடித்துக்கொண்டது. மறுபடி செடியிடம் திரும்பிய பிறகே கோயில் நகரத்து வீடுகளுக்குள் அதனால் நுழைய முடிந்தது.

கரும்பு இருந்தும் பூ ஏன் இல்லை?

கரும்பு இந்த வட்டாரத்துக்குப் புதிதன்று. பத்துப்பாட்டில் ஒன்றான மலைபடுகடாம் நன்னன் மேல் பாடப்பட்டது. அவனுடைய செங்கண்மா, திருவண்ணாமலைக்கு மேற்கே உள்ள இன்றைய செங்கம். ஆலைக்குப் போகக் காத்து நிற்கும் கரும்பு அந்தப் பாட்டில் இருக்கிறது. இன்னும் மேற்கே போனால் அதியமானின் தகடூர். அவனுடைய முன்னோர் கரும்பைக் கொண்டுவந்தவர்கள் என்று ஔவையார் பாடிய செய்தி புறநானூற்றின் 99ஆம் பாடலில் உள்ளது. ஆக, சர்க்கரைப் பூவுக்கு வேண்டிய இனிப்பு ஈராயிரம் ஆண்டுகளாக இந்த மண்ணிலேயே இருந்தது.

ஆனால் அந்தக் கரும்பு வெல்லமாகத்தான் உண்ணப்பட்டது. வெல்லம் காற்றின் ஈரத்தை இழுக்கும், கசியும், நிறமும் அடர்ந்தது. காகிதம்போல் மெல்லிய இதழாக அதைத் தட்ட முடியாது. பாகாக்கிக் கூம்பிலே அடைத்தால் நிற்கும். கல்யாணச் சீரில் வைக்கும் பருப்புத் தேங்காய் அப்படிப் பிறந்த வடிவம். பொட்டுக்கடலையையோ மனோகரத்தையோ வெல்லப்பாகில் இறுக்கி, இணையாக இரண்டு கூம்புகள் நிறுத்தி, ஜிகினாத் தாள் சுற்றி அழகு செய்கிறோம். கர்நாடகத்தில் சங்கராந்திக்கு எள்ளு-வெல்லத்தோடு கொடுக்கும் சக்கரை அச்சு, மர அச்சில் வெள்ளைப் பாகை வார்த்து எடுப்பது. நம் அச்சு முறுக்கும் பூ வடிவம்தான். இரும்பு அச்சை மாவில் தோய்த்து எண்ணெயில் பூக்க வைக்கிறோம். மூன்றிலும் அச்சுதான் கைவேலையின் எல்லை. இதழ் இதழாகச் சேர்த்துக் கட்டும் நுட்பம் நம்மிடம் வேறிடத்தில் வளர்ந்தது: வாழைநாரும் பூவுமாக, மாடவீதியில் உட்கார்ந்து தொடுக்கும் பெண்களின் விரல்களில்.

இதழுக்கு வேண்டியது வெண்மையான, மாவாக அரைபடும் சர்க்கரை. வட ஆற்காட்டுப் பக்கத்துப் பெரியவர்கள் வெள்ளைச் சர்க்கரையை 'அஸ்கா' என்பார்கள். அது ஓர் ஊரின் பெயர். இன்று ஒடிசாவில் இருக்கும், அன்று சென்னை மாகாணத்தின் கஞ்சம் மாவட்டத்தில் இருந்த அஸ்காவின் ஆலைச் சர்க்கரை இங்கே பரவியபோது ஊர்ப்பெயரே பொருளின் பெயராயிற்று. தென்னார்க்காட்டு நெல்லிக்குப்பத்தில் பாரி நிறுவனத்தின் ஆலை 1842இல் வந்தது. ஆலைச் சர்க்கரை எளிதாகக் கிடைத்த பிறகும் சர்க்கரைப் பூ உடனே முளைத்துவிடவில்லை. அதற்கு இன்னொரு பொருள் வேண்டியிருந்தது.

பிசின்

சர்க்கரைத் தூளில் தண்ணீர் விட்டால் குழையும், உலர்ந்தால் உதிரும். அதை இழுத்தால் நீளும் மாவாக்குவது பிசின். ஈரான், துருக்கி நாடுகளின் வறண்ட மலைச்சரிவுகளில் வளரும் முட்செடியிலிருந்து வடியும் டிராகாகாந்த் பிசின்தான் இதில் பழையது. பன்னீரில் ஊறினால் பன்மடங்கு உப்பும். மதுரை ஜிகர்தண்டாவில் மிதக்கும் பாதாம் பிசினைப் பார்த்தவர்களுக்கு இந்த உப்பலை விளக்க வேண்டியதில்லை. டிராகாகாந்துக்கு மாற்றாக உலகச் சந்தையில் விலைபோன கராயா பிசின் இந்தியக் காட்டுமரத்தினுடையது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

சர்க்கரையால் செடிகொடி செய்த பழைய சாட்சியம் கெய்ரோவிலிருந்து வருகிறது. 1047இல் அங்கே சென்ற பாரசீகப் பயணி நாசிர் குஸ்ரோ, சுல்தானின் விருந்தில் ஆரஞ்சு மரம் ஒன்றைக் கண்டார். கிளை, இலை, கனி எல்லாம் சர்க்கரை. இந்தக் கலை மத்தியதரைக்கடலைக் கடந்து இத்தாலிக்கும் பிறகு இங்கிலாந்துக்கும் போயிற்று. 16ஆம் நூற்றாண்டின் ஐரோப்பியச் செய்முறைகளில் பிசின், பன்னீர், எலுமிச்சைச் சாறு, சர்க்கரை, கொஞ்சம் வெண்கரு என்று வருகிறது. வெண்கரு அங்கே துணைப்பொருள், பிசினே தூண். 1602இல் அச்சான ஹியூ பிளாட்டின் நூல், சீமாட்டிகள் தம் வீட்டிலேயே சர்க்கரை மாவில் உருவங்கள் செய்யக் கற்றுத்தருகிறது. அரசவையின் ஆடம்பரம் வீட்டுப் பெண்களின் கைவேலையாக மாறத் தொடங்கிய இடம் இது என்று நினைக்கிறேன்.

வெண்கரு ஆண்ட காலம்

1840 பிப்ரவரி 10 அன்று விக்டோரியா அரசியின் திருமணத்தில் வைத்த கேக் சுமார் 300 பவுண்டு எடை. அதை மூடியிருந்த வெள்ளைப் பூச்சுக்கு அந்தக் கேக்கால்தான் 'ராயல் ஐசிங்' என்ற பெயர் நிலைத்ததாகச் சொல்வர். மணப்பெண் ஆரஞ்சுப் பூ சூடியிருந்தார். பிறகு கல்யாணக் கேக்குகளில் ஆரஞ்சுப் பூ மரபாயிற்று. கெய்ரோவின் சர்க்கரை மரம் எந்த மரமோ அதே மரத்தின் பூ.

ராயல் ஐசிங் என்பது வெண்கருவும் சர்க்கரைத் தூளும். கூம்புப் பையில் நிரப்பி, நுனிக் குழாயால் பிழிந்து பூ வரைவது இதன் வேலைமுறை. 1934இல் ஜோசப் லாம்பெத் எழுதிய நூல் அதை இலக்கணமாக்கியது. பிழிந்த பூவுக்கு வேகம் உண்டு, ஒரே நாளில் நூறு வைக்கலாம். இதழின் மெல்லிய விளிம்பும் நரம்பும் அதில் வராது. பிசின் மாவில் இதழ் செய்யும் பழைய கலை ஆஸ்திரேலியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் வளர்ந்து இங்கிலாந்துக்குத் திரும்பியது. அங்கே 1981இல் இக்கலைஞர்களுக்கென்று சங்கம் தோன்றியது.

நம் நாட்டுக்கு வந்தது வெண்கருக் காலத்துக் கேக். தலச்சேரியில் மம்பள்ளி பாபு 1883இல் கிறிஸ்துமஸ் கேக் சுட்டார். சென்னை வேப்பேரியின் ஸ்மித்ஃபீல்டு பேக்கரியும் அந்தப் பத்தாண்டைச் சேர்ந்தது. 1905இல் நீலகிரியில் முத்துசாமி முதலியார் தொடங்கிய வெண்ணெய் வியாபாரம் 1936இல் பெங்களூருக்குப் போய் 'நீல்கிரிஸ்' ஆயிற்று. 1970களில் அந்நகரில் தொடங்கிய ஆண்டுக் கேக் கண்காட்சி, சர்க்கரையால் கோபுரமும் கோட்டையும் எழுப்பிப் பொதுமக்களுக்குக் காட்டியது. திருவண்ணாமலையைக் கடக்கும் நெடுஞ்சாலை, ஒரு பக்கம் செங்கம், ஊத்தங்கரை, கிருஷ்ணகிரி வழியாகப் பெங்களூரை எட்டுகிறது. மறுபக்கம் செஞ்சி, திண்டிவனம் போய்ப் புதுச்சேரிப் பக்கம் இறங்குகிறது. அங்கேயும் 'வீவிக்கம்' என்று தனக்கே உரிய கிறிஸ்துமஸ் கேக் உண்டு. கேக் அறிந்த இரண்டு நகரங்களுக்கு நடுவில்தான் இந்த ஊர் இருந்திருக்கிறது.

அப்படியிருந்தும் பல வீடுகளின் வாசற்படியில் கேக் நின்றுவிட்டது. தடை முட்டை. பேக்கரியில் நின்று பன்னோ பிஸ்கட்டோ சாப்பிடுவது வேறு. சாமி படம் மாட்டிய கூடத்தில், தீபம் ஏற்றும் இடத்துக்குப் பக்கத்தில், முட்டை சேர்ந்த பண்டத்தை வைப்பது வேறு. கிருத்திகையும் பிரதோஷமும் பௌர்ணமி கிரிவலமும் நாட்காட்டியை நிரப்பும் ஊரில் பிறந்தநாள் எந்த நாளிலும் வந்து விழும்.

மறுபடி செடியிடம்

முட்டை ஒரே நாளில் நீங்கவில்லை. மூன்று இடங்களில் தனித்தனியாக நீங்கியது. மேற்பூச்சில் நீங்கியதற்கு வேர் அமெரிக்காவின் பஃபலோவில் இருக்கிறது. 1945இல் ராபர்ட் ரிச் சோயாவிலிருந்து அடித்து நுரைக்கும் கிரீமைக் கண்டுபிடித்தார். அந்த வகைக் கிரீம்தான் இன்று நம் சிற்றூர்ப் பேக்கரி வரை வந்திருக்கிறது. கேக்கின் உடலில், தயிரும் கெட்டிப்பாலும் முட்டையின் வேலையைச் செய்யக் கற்றன. 2001இல் பொட்டலங்களில் பச்சைப் புள்ளி, பழுப்புப் புள்ளி கட்டாயமானபோது முட்டை பழுப்பின் பக்கம் வைக்கப்பட்டது. 'எக்லெஸ்' என்ற சொல்லுக்குக் கடைப் பலகையில் இடம் கிடைத்தது.

மூன்றாவது இடம்தான் நம் பொருள்: பூ. இதிலே முட்டையோடு ஜெலட்டினும் சிக்கல். ஃபாண்டன்ட் என்னும் சர்க்கரை மாவில் விலங்கின் எலும்பிலும் தோலிலும் எடுக்கும் ஜெலட்டின் பலகாலம் வழக்கமாகச் சேர்ந்தது. பூவைப் பார்த்து "முட்டை இல்லையே" என்று நிம்மதியாகிறவர்கள் ஜெலட்டினைக் கேட்பதில்லை. அதற்கு மாற்று நம் கடலிலேயே இருக்கிறது. மன்னார் வளைகுடாவில் இராமநாதபுரக் கரைப் பெண்கள் மூழ்கி எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசியிலிருந்து அகர் செய்கிறார்கள். மதுரைப் பக்கம் அதற்கு ஆலைகள் உண்டு. இதழை இறுக்குவதற்கு டைலோஸ் என்று கடையில் கேட்டு வாங்கும் தூள், செடியின் நாரான செல்லுலோஸிலிருந்து வருவது. கால் கிலோ ஃபாண்டன்டுக்கு ஒரு தேக்கரண்டி தூவிப் பிசைந்து ஓய விட்டால் கம் பேஸ்ட் தயார். வெண்கரு வேண்டாம். புனேயைச் சேர்ந்த பிராச்சி தபல் தேப் ராயல் ஐசிங்கையே முட்டையில்லாமல் வகுத்துக்கொண்டு, 2022இல் மிலான் பேராலயத்தை ஏறக்குறைய 100 கிலோ எடையில் எழுப்பிக் காட்டினார். வெண்கரு இல்லாமல் நுட்பம் குறையும் என்ற வாதம் அதோடு முடிந்தது.

திருவண்ணாமலையின் வானிலை இந்தப் பூவுக்கு எளிதன்று. கோடையில் வெண்ணெய்க் கிரீமில் பிழிந்த ரோஜா உருகிச் சாயும். கம் பேஸ்ட் பூ அசையாது. அதன் பகை ஈரம். தீபத் திருநாளும் வடகிழக்குப் பருவமழையும் ஒரே பருவத்தில் வருகின்றன. அந்த வாரங்களில் இதழ் உலர இரட்டிப்பு நேரம் ஆகும், உலர்ந்த இதழும் தளரும். குளிர்பெட்டியிலிருந்து வெளியே எடுத்த கிரீம் கேக்கில் வியர்வைபோல் நீர் பூக்க, பூவின் சாயம் இறங்கும். அதனால் பூவைத் தனியே சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு பெட்டியில் வைத்து, கேக் வெட்டும் இடத்தில் கடைசி நேரத்தில் நடுகிறார்கள். இலங்கைத் திருமணங்களில் இதற்கு வேறு தீர்வு கண்டார்கள்: அலங்காரம் முழுதும் உண்ணாத கட்டமைப்பின் மேல், விருந்தினருக்குச் சிறு பெட்டியில் தனிக் கேக். எனக்கு அது நிறைவு தரவில்லை. உண்ண முடியும் என்பதில்தான் சர்க்கரைப் பூவின் மானம் இருக்கிறது.

அதே காரணத்தால் நிறத்திலும் கறாராக இருக்க வேண்டும். ரோடமின்-பி என்னும் சாயம் கலந்தது தெரிந்து 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு பஞ்சுமிட்டாயைத் தடை செய்தது. பூவுக்குப் பூசும் மினுமினுப்புத் தூள்களில் 'நச்சற்றது' என்பது ஒன்று, 'உண்ணத்தக்கது' என்பது வேறொன்று. இதழைத் தாங்கும் கம்பியும் கேக்குக்குள் நேராக இறங்கக் கூடாது.

மிஞ்சியிருப்பது எந்தப் பூ என்ற கேள்வி. நம் மொழி பூவின் வாழ்வை அரும்பு, மொட்டு, போது, மலர், அலர், வீ, செம்மல் என்று பிரித்து வைத்திருக்கிறது. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் பூக்கள் 99. கம் பேஸ்ட் செய்பவர் ஒரு கொத்துக்கு அரும்பும் பாதி விரிந்ததும் முழு மலரும் தனித்தனியே செய்கிறார். உதிர்ந்த வீயும் வாடிய செம்மலும் அவர் கைக்கு வருவதில்லை. இத்தனை பெயர்கள் வைத்த மொழியின் ஊரில் கேக் மேல் பூப்பது பெரும்பாலும் ஆங்கில ரோஜாவும் பியோனியும். கட்டர்களும் இதழ் அச்சுகளும் அந்தப் பூக்களுக்கே வார்க்கப்பட்டு வருவதுதான் காரணம். நம் பூக்கள் கடினம் என்பதல்ல. மல்லிகை மொட்டுக்கு விரலும் ஒரு குச்சியும் போதும். செவ்வந்திக்குப் பொறுமை வேண்டும். சங்குப்பூவுக்கு அதன் நீலத்தை அதனிடமே வாங்கிக்கொள்ளலாம்.

திருவண்ணாமலையில் வீட்டிலிருந்து கேக் செய்யும் பெண்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அடுத்த மணநாள் கேக்குக்கு ரோஜாக் கட்டரை எடுக்குமுன், ஒரு காலை கோயிலுக்குப் போய் மகிழமரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் பூவொன்றைக் கையில் வைத்துப் பாருங்கள். அதன் இதழ்களை எண்ணுங்கள். பிறகு மாவைப் பிசையுங்கள்.