குறிப்பும் பேரேடும்

காரைக்குடி செக்காலையின் பெரிய செட்டியார் வீடுகளைக் கட்டிய பணம் எங்கிருந்து வந்தது என்றால் ரங்கூன், பினாங்கு, சிங்கப்பூர் என்று சொல்லிவிடுவோம். கடல் தாண்டிய அந்தப் பணத்துக்கு ஊரிலிருந்தே கணக்குக் கேட்க முடிந்தது எப்படி? இரண்டு புத்தகங்களால். அன்றாட வரவு செலவை நடந்த வரிசையிலேயே எழுதுவது குறிப்பு. அதிலிருந்து ஆள்வாரியாகப் பிரித்து எடுத்தெழுதுவது பேரேடு. அங்கே நடந்த வட்டிக்கடையின் நிலையைக் காட்டும் ஐந்தொகை பேரேட்டிலிருந்து பிறக்கும். எவருக்கு எவ்வளவு பாக்கி என்று புரட்டிப் பார்ப்பது பேரேட்டைத்தான் என்றாலும், மூலம் குறிப்பே. பேரேட்டில் ஐயம் வந்தால் குறிப்பைக் கொண்டு மறுபடி எழுதலாம். குறிப்பு தொலைந்தால் பேரேட்டைச் சரிபார்க்க வழியில்லை.

மூலமும் அதிலிருந்து எடுத்ததும் ஒத்துப்போக வேண்டும் என்ற இதே சிக்கலைக் கணினி உலகம் வெகு பிந்தித்தான் சந்தித்தது. மனிதர் எழுதுவது மூலநிரல். இயந்திரம் ஓட்டுவது அதிலிருந்து தொகுத்த நிரல். பெல் ஆய்வகத்தில் ஒருவர் மூலத்தில் பிழையைத் திருத்திவிட்டு, மறுபடி தொகுக்க மறந்து, பழைய நிரலையே ஓட்டிக் காலைப்பொழுது முழுவதையும் வீணாக்கினார். அதைக் கண்டு 1976இல் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதிய கருவிதான் 'மேக்'. அது முக்கியமாகப் பார்ப்பது தேதியை. தொகுத்ததற்குப் பின் மூலம் மாறியிருந்தால், மாறிய பகுதியைத் திரும்பத் தொகுக்கும்.

செட்டியார் கடைகளுக்குத் திரும்புவோம். அங்கிருந்து முதலாளிக்குக் கப்பலில் வரும் கணக்கு நகல் ஊர் சேரும்போதே பழசாகிவிடுமே, பிறகு அது மூலத்தோடு எப்படி ஒத்துப்போகும் என்று கேட்கலாம். பழசாவது பிழையல்ல, எந்தத் தேதிவரை பழசு என்று தெரியாமல் இருப்பதே பிழை. தேதியிட்ட நகலைப் பார்க்கும் முதலாளிக்கு அந்த எல்லை தெரியும். எல்லாம் சாதிக்குள் இருந்த நம்பிக்கைதான், ஏடு வெறும் சடங்கு என்பது இன்னொரு வாதம். நம்பிக்கை இருந்தது உண்மை. ஆனால் 1930இல் பர்மாவில் மட்டும் சுமார் 1,650 செட்டியார் கடைகள் இருந்ததாக அங்கத்திய வங்கி விசாரணைக் குழு மதிப்பிட்டது. பெரும்பாலும் மூன்றாண்டுத் தவணைக்கு ஏஜெண்டுகள் போய் வந்த தொழில் அது. ஆள் மாறும்போது புதியவர் கையில் வருவது பழையவரின் நல்ல பெயரல்ல, புத்தகங்கள்தான். நம்பிக்கையே அந்த ஏட்டில் சோதிக்கப்பட்டுத்தான் நிலைத்தது என்பது என் முடிவு.

இன்று பழைய வீடுகளைப் பிரிக்கும்போது தூணுக்கும் நிலைக்கும் விலை உண்டு. காகிதம் எடைக்குப் போகிறது. கனத்த பேரேட்டை அழகுக்காக எடுத்து வைப்பவர்கள்கூட கிறுக்கலாகத் தெரியும் குறிப்பை விட்டுவிடுகிறார்கள். வீட்டுப் பரணில் அப்படி ஏதும் கிடந்தால், தயவுசெய்து இரண்டையும் சேர்த்தே வையுங்கள்.