கிர்க்பியில் பயின்ற மலாயா ஆசிரியர்கள்

ஓர் ஆசிரியர் அயல்நாடு சென்று பயில்வதும், ஒரு நாட்டாசிரியர் மற்றொரு நாட்டுப் பள்ளியில் சில காலம் பணியாற்றி மீள்வதும் இன்று பல நாடுகளில் நடைபெறுகின்றன. இத்தகைய திட்டங்களில் முதற்சில நாள்களை அறிமுகப் பயிற்சிக்கென ஒதுக்குவது வழக்கம். ஊர், உணவு, தட்பவெப்பம், பள்ளி நடைமுறை ஆகியவற்றை வந்தவர்க்கு எடுத்துரைப்பதே அதன் நோக்கம். ஆயின், அந்நாள்களில் ஆசிரியர் கற்பது இவ்வளவுதானா? இவ்வினாவிற்கு மலாயாவின் கல்வி வரலாற்றிலேயே விடை உண்டு. இங்கிலாந்தில் கிர்க்பி என்னுமிடத்தில் இயங்கிய மலாயா ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் கதை அது.

கல்லூரியின் தோற்றம்

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் மலாயாவில் பள்ளிக்கு வரும் பிள்ளைகளின் தொகை விரைந்து பெருகிற்று. 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியில் கல்வி தடைப்பட்டமையால், வயது கடந்த பிள்ளைகளும் வகுப்பறைகளை நிரப்பினர். பயிற்சி பெற்ற ஆசிரியர்களோ போதவில்லை. புதிய கல்லூரிகளை எழுப்பப் பணமும் காலமும் வேண்டும். 1948இல் நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்ட பின்னர் அவ்விரண்டும் அரிதாயின.

அதே வேளையில் இங்கிலாந்தின் நிலை வேறாக இருந்தது. போருக்குப் பின் தனக்கு ஏற்பட்ட ஆசிரியர் பற்றாக்குறையை நீக்க, அந்நாடு அவசரப் பயிற்சித் திட்டம் ஒன்றை நடத்தி, 1951க்குள் ஏறத்தாழ 35,000 பேரை ஆசிரியராக்கிற்று. வேலை முடிந்ததும் அக்கல்லூரிகளுக்குத் தேவை குன்றிற்று. லிவர்ப்பூல் நகருக்கு அருகே கிர்க்பியில் இருந்ததும் அவற்றுள் ஒன்று. போர்க்காலத்தில் அது வெடிமருந்துத் தொழிற்சாலைத் தொழிலாளர்க்கான விடுதி. அவ்விடத்தையே மலாயாவின் தேவைக்கு எடுத்துக்கொண்டனர். 1952ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அங்குப் பயிற்சி தொடங்கிற்று. ஆண்டுதோறும் ஏறத்தாழ 150 பேர், ஆணும் பெண்ணுமாக, ஈராண்டுப் பயிற்சிக்குச் சேர்ந்தனர். 1955இல் வுல்வர்ஹாம்ப்டன் நகருக்கு அருகே பிரின்ஸ்ஃபோர்டு லாட்ஜ் என்னும் இரண்டாம் கல்லூரியும் திறக்கப்பட்டது.

புதியவராதல்

பள்ளியிறுதித் தேர்வில் தேறிய இளைஞர்களே பெரும்பாலும் அங்குச் சென்றோர். ஆங்கிலத்தை அவர்கள் நன்கு கற்றிருந்தனர். ஆனால் அது நூல்வழிக் கற்ற ஆங்கிலம். லிவர்ப்பூல் வட்டாரத்துக் கடைக்காரரும் பேருந்து நடத்துநரும் பேசும் பேச்சு அவர்கள் செவிக்குப் புதிது. சனவரி மாதத்தில் அங்கு மாலை நான்கு மணிக்கே பொழுது சாய்ந்துவிடும். ஆண்டு முழுதும் ஒரே அளவான பகலைக் கண்டு வளர்ந்தவர்க்கு அதுவே பெரும் வியப்பு. உணவில் உறைப்பு இல்லை, சோற்றை நாடினர், வாய்ப்புக் கிடைத்தபோது தாமே சமைத்துக்கொண்டனர்.

இவை சிறு செய்திகள் போலத் தோன்றலாம். ஆயின் ஆசிரியத் தொழிலுக்கு இவை சிறியவையல்ல. பிறர் பேசுவது விளங்காமல் நிற்றல், எதை எவரிடம் கேட்பது என்றறியாமை, கேட்டால் நகைப்பரோ என்னும் அச்சம் ஆகிய மூன்றும் முதல் வகுப்பில் சேரும் குழந்தையின் நிலையே. அந்நிலையை வளர்ந்த பின் மறுமுறை அடைந்தவர், குழந்தையின் மௌனத்தை மந்தம் என்று எளிதிற் கொள்ளார்.

பயிற்சியின் ஒரு பகுதியாக அவர்கள் சுற்றுவட்டாரப் பள்ளிகளில் பாடம் நடத்தினர். 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் இங்கிலாந்தில் இடைநிலைக் கல்வியை யாவர்க்கும் கட்டணமின்றி அளித்திருந்தது. 1947இல் கட்டாயக் கல்வியின் வயது பதினைந்தாக உயர்ந்தது. தொழிலாளர் வீட்டுப் பிள்ளையின் கல்விக்கும் அரசே பொறுப்பு என்னும் கொள்கை நடைமுறைக்கு வந்திருந்ததை அவர்கள் நேரிற் கண்டனர்.

தம்மவரை அறிதல்

கிர்க்பி கற்பித்த பெரும்பாடம் மற்றொன்று. மலாயாவில் மலாய், சீன, தமிழ்ப் பள்ளிகள் தனித்தனியே இயங்கின. நகரத்து ஆங்கிலப் பள்ளிகளில் பல இனத்தவரும் ஒருங்கே பயின்றனர் எனினும், பள்ளி விட்டதும் பெரும்பாலோர் தத்தம் குடியிருப்புக்கே திரும்பினர். கிர்க்பியிலோ ஈராண்டுகள் ஒரே விடுதியில் உறைவிடம், ஒரே கூடத்தில் உணவு. அயலார் முன்னிலையில் தம் நாட்டுக் கலைகளை மேடையேற்ற நேர்ந்தபோது, பிற இனத்தார் ஆடலையும் பாடலையும் ஒவ்வொருவரும் அறிந்துகொள்ள வேண்டியதாயிற்று. இங்கிலாந்தை அறியச் சென்றவர்கள் மலாயாவை அறிந்தனர்.

1956 பிப்ரவரி 7ஆம் நாள், இலண்டனில் விடுதலைப் பேச்சு நடத்திக்கொண்டிருந்த துங்கு அப்துல் ரஹ்மான் கிர்க்பிக்கு வந்து, நாட்டின் விடுதலை நாளை மாணவர்க்கு அறிவித்தார். உடன்பாடு கையெழுத்தானது மறுநாள்தான். அச்செய்தியை அன்று கேட்டு ஆரவாரித்தவர்கள், நாளை எந்நாட்டின் பிள்ளைகளுக்குத் தாம் கற்பிக்கப் போகிறோம் என்பதை அங்கேயே உணர்ந்திருப்பர்.

வாயிலுக்கு வெளியே நின்றவர்

இப்பெருமையோடு ஒரு குறையையும் கூறாவிடின் வரலாறு நிறைவுறாது. கிர்க்பி முதன்மையாக ஆங்கிலப் பள்ளிகளின் தேவைக்கென எழுந்தது. அதன் வாயில் ஆங்கிலம் பயின்றோர்க்கே திறந்தது. தோட்டத் தமிழ்ப் பள்ளிகளிலோ, ஆறு அல்லது ஏழாண்டு தமிழ்க் கல்வியோடு ஆசிரியரானோர் பலர். வார நாள்களில் பல வகுப்புகளை ஒருவரே நடத்தி, வார இறுதியில் பயிற்சி வகுப்புக்குப் பயணஞ்செய்து, அவர்கள் தொழிலைக் கற்றனர். தோட்டத்திற் பள்ளி அமைக்கும் பொறுப்பைத் தொழிலாளர் சட்டம் தோட்ட நிருவாகத்தின்மீது சுமத்தியதேயன்றி, ஆசிரியரின் வளர்ச்சியை எவரும் அத்துணை எண்ணவில்லை. அவர்களிடம் ஆற்றல் குறைவில்லை. பிற பள்ளிகளையும் பிற வழிகளையும் காணும் வாய்ப்புத்தான் கிட்டவில்லை. ஒரே நாட்டின் ஆசிரியருள் ஒரு சாரார் கடல் கடந்து ஒருவரையொருவர் அறிந்துகொண்ட காலத்தில், மற்றொரு சாரார் அடுத்த தோட்டத்துப் பள்ளியையும் பாராமல் ஓய்வு பெற்றனர்.

உள்நாட்டிற் கல்லூரிகள் பெருகவே 1962இல் கிர்க்பியும், 1964இல் பிரின்ஸ்ஃபோர்டு லாட்ஜும் மூடப்பட்டன. பத்தாண்டுகளில் கிர்க்பி அளித்த ஏறத்தாழ 1,500 ஆசிரியருள் பலர் தலைமையாசிரியராகவும் கல்வி அதிகாரிகளாகவும் விளங்கினர்.

ஆசிரியரை வெளியே அனுப்பும் திட்டம் எதுவாயினும், அதன் பயன் சான்றிதழோடு முடிவதன்று. சில காலமேனும் புதியவராக நின்று, பிறரையும் தம்மவரையும் ஒருங்கே அறிவதே அதன் உயிர். அவ்வாய்ப்பு நகரத்துப் பெரும்பள்ளி ஆசிரியர்க்கு மட்டும் உரியதாகிவிடலாகாது. இருபது பிள்ளைகளே பயிலும் சிறு தமிழ்ப் பள்ளியின் ஆசிரியரையும் பட்டியலிற் சேர்த்தல் வேண்டும். அயல்நாடு இயலாதாயின் அண்டை மாநிலத்துப் பள்ளியிலேனும் ஒரு திங்கள் பணியாற்ற அவருக்கு வழிசெய்யலாம். இதற்குப் பெருஞ்செலவு வேண்டா. கல்வி அதிகாரிகளும் ஆசிரியர் சங்கங்களும் மனம் வைத்தாற் போதும்.