வேகமீறலும் சாலைப் பாதுகாப்பு வகுப்பும்: தொப்பூர் கணவாயை முன்வைத்து

அனுமதித்த வேகத்தை மீறி வண்டி ஓட்டியவரிடம் அபராதம் பெறுவது பழைய நடைமுறை. அபராதத்தோடு அவரைப் பாதுகாப்பு வகுப்பில் உட்கார வைப்பது பிற்காலத்தில் வந்தது. இந்தியாவில் இந்த மாற்றம் 2015க்குப் பிறகு படிப்படியாகச் சட்டத்தில் இடம்பெற்றது. அதன் தேவையைத் தருமபுரி மாவட்டத்தின் தொப்பூர் கணவாய்ச் சாலையில் தெளிவாகக் காணலாம்.

கணவாயும் சாலையும்

தொப்பூர் கணவாய் தருமபுரி மாவட்டத்தின் தென் எல்லையில், சேலம் மாவட்டத்தை ஒட்டி அமைந்துள்ளது. மைசூர் மேட்டுநிலத்திலிருந்து சமவெளிக்கு இறங்கும் பழைய வழிகளுள் இது ஒன்று. மூன்றாம் மைசூர்ப் போரின்போது, 1790 நவம்பரில், திப்பு சுல்தானின் படை இக்கணவாய் வழியாகவே தெற்கே இறங்கியது.

இன்று ஸ்ரீநகர் - கன்னியாகுமரி தேசிய நெடுஞ்சாலை 44 இவ்வழியே செல்கிறது. முன்னர் இதன் எண் 7. பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்திலும், சேலம் 300 மீட்டருக்கும் குறைவான உயரத்திலும் உள்ளன. இந்த இறக்கத்தின் கடினமான பகுதி, பாளையம் சுங்கச்சாவடியைக் கடந்து, கட்டமேடு, இரட்டைப் பாலம் வழியாகத் தொப்பூர் நோக்கிச் செல்லும் சில கிலோமீட்டர் தூரமாகும்.

இங்கு பெரிய விபத்துகள் பலமுறை நேர்ந்துள்ளன. 2020 டிசம்பர் 12 அன்று கட்டுப்பாட்டை இழந்த லாரி ஒன்று பல வாகனங்கள் மீது மோதியதில் நால்வர் இறந்தனர். 2024 ஜனவரி 24 அன்று நடந்த விபத்திலும் நால்வர் உயிரிழந்தனர்.

வேகம் ஏன் கட்டுக்கு அடங்குவதில்லை

மலைச்சாலையில் இறங்கும்போது டீசல் மிச்சமாகும் என்று கருதிச் சில ஓட்டுநர்கள் கியரை நியூட்ரலுக்கு மாற்றிவிடுகின்றனர். அப்போது இயந்திரம் வண்டியைப் பிடித்து நிறுத்துவதில்லை. முழுச் சுமையும் பிரேக்கின் மீது விழுகிறது. தொடர்ந்து அழுத்தப்படும் பிரேக் சூடேறிப் பிடிமானத்தை இழக்கிறது. குறைந்த கியரில் இறங்கினால் இயந்திரமே வேகத்தைத் தடுக்கும்.

வேகம் இரண்டு மடங்கானால் வண்டியின் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும். மணிக்கு 30 கிலோமீட்டரில் செல்லும் வண்டி ஒரு நொடியில் 8 மீட்டருக்குச் சற்று அதிகமாகக் கடக்கும். 60 கிலோமீட்டரில் அது 16 மீட்டரைத் தாண்டும். ஓட்டுநர் ஆபத்தைக் கண்டு பிரேக்கில் கால் வைப்பதற்குள் இவ்வளவு தூரம் போய்விடுகிறது. கணவாய் இறக்கத்தில் கனரக வாகனங்களுக்கு மணிக்கு 30 கிலோமீட்டர் என வரம்பு வைக்கப்பட்டதன் காரணம் இதுவே. இந்தக் கணக்கை அபராதச் சீட்டு சொல்வதில்லை. யாராவது சொல்லிக்கொடுக்க வேண்டும்.

அபராதத்தின் வரலாறு

இங்கிலாந்தின் 1865ஆம் ஆண்டுச் சட்டம் இயந்திர வண்டிகளுக்கு ஊருக்குள் மணிக்கு 2 மைல், வெளியே 4 மைல் என வரம்பிட்டது. வண்டிக்கு முன்னால் ஒருவர் சிவப்புக் கொடியுடன் நடக்கவும் வேண்டும். 1896 ஜனவரியில் கென்ட் பகுதியில் வால்டர் அர்னால்டு என்பவர் மணிக்கு 8 மைல் வேகத்தில் சென்றதற்காக 1 ஷில்லிங் அபராதம் செலுத்தினார். வேகமீறலுக்காகத் தண்டிக்கப்பட்ட முதல் மோட்டார் வண்டி ஓட்டுநராக அவர் குறிப்பிடப்படுகிறார்.

இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டங்கள் 1914, 1939, 1988 ஆகிய ஆண்டுகளில் இயற்றப்பட்டன. 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் 183ஆம் பிரிவு, முதல்முறை வேகமீறலுக்கு 400 ரூபாய் வரையும், மீண்டும் செய்தால் 1,000 ரூபாய் வரையும் அபராதம் விதித்தது. சரக்கை விரைவில் சேர்க்க வேண்டிய லாரிக்கு இது வழிச்செலவில் ஒன்றாகவே முடிந்தது.

வகுப்பு வந்த வழி

கோயம்புத்தூரைச் சேர்ந்த எலும்பு முறிவு அறுவை மருத்துவர் எஸ். இராஜசேகரன், சாலை விபத்துகளைக் குறைக்கக் கோரி 2012இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடர்ந்தார். இவ்வழக்கில் 2014இல் நீதிபதி கே. எஸ். இராதாகிருஷ்ணன் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு அமைக்கப்பட்டது. 2015 ஆகஸ்டில் அக்குழு மாநிலங்களுக்கு அறிவுறுத்தல்களை அனுப்பியது. வேகமீறல், சிவப்பு விளக்கைத் தாண்டுதல், மது அருந்தி ஓட்டுதல் போன்ற குற்றங்களுக்கு ஓட்டுநர் உரிமத்தைக் குறைந்தது 3 மாதம் நிறுத்திவைக்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. தலைக்கவசம், இருக்கைப் பட்டை அணியாதவர்களுக்குக் குறைந்தது 2 மணி நேரம் பாதுகாப்புக் கல்வியும் அறிவுரையும் அளிக்க வேண்டும் என்பது மற்றொன்று.

2019ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் இதை மேலும் விரிவாக்கியது. வேகமீறலுக்கு இலகுரக வாகனங்களுக்கு 1,000 முதல் 2,000 ரூபாய் வரையும், நடுத்தர, கனரக வாகனங்களுக்கு 2,000 முதல் 4,000 ரூபாய் வரையும் அபராதம் உயர்ந்தது. திருத்தப்பட்ட 19ஆம் பிரிவின்படி, உரிமம் நிறுத்தப்பட்டவர் புத்தாக்கப் பயிற்சி வகுப்பை முடித்த பிறகே அதைத் திரும்பப் பெற முடியும். தமிழ்நாட்டில் உயர்த்தப்பட்ட அபராதங்கள் 2022 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தன.

பயனும் எல்லையும்

இங்கிலாந்தில் சிறு வேகமீறலுக்கு அபராதமும் உரிமப் புள்ளியும் பெறுவதற்குப் பதிலாக, கட்டணம் செலுத்தி வகுப்பில் சேரும் வாய்ப்பு உள்ளது. அந்நாட்டு அரசுக்காக நடத்தப்பட்டு 2018இல் வெளியான ஆய்வு, வகுப்பில் கலந்துகொண்டவர்கள் அடுத்த 6 மாதங்களில் மீண்டும் வேகமீறலில் சிக்குவது குறைந்ததைக் கண்டது. ஆனால் விபத்துகளும் குறைந்தன என்று அந்த ஆய்வால் உறுதி செய்ய முடியவில்லை.

தொப்பூருக்கு இது பொருந்தும். இங்கு இறங்கும் லாரிகளில் பல வெளிமாநிலத்தைச் சேர்ந்தவை. ஓட்டுநரின் உரிமம் மூன்று மாதம் நின்றால் குடும்பத்தின் வருமானமும் நிற்கிறது. அவரை விரைவுபடுத்திய உரிமையாளர் அந்த வகுப்பில் உட்காருவதில்லை. சாலையின் சரிவும் வளைவும் அப்படியே இருக்கின்றன. இதனால்தான் கணவாயில் உயர்நிலைச் சாலை அமைக்கும் திட்டம் முன்னெடுக்கப்பட்டது. சாலை மாறும்வரை இறக்கத்துக்கு முன்பே கியரைக் குறைக்கத் தெரிந்த ஓட்டுநரை நம்பியே மற்ற வாகனங்கள் செல்ல வேண்டியுள்ளது. பிடிபட்ட பிறகு நடக்கும் அந்த வகுப்பின் பாடம், உரிமம் வழங்கும் முன்பே அவருக்குக் கிடைத்திருக்க வேண்டியது.