ஆறடி இரண்டங்குலமும் நூறு சி.சி.யும்

போன மாதம் எல்.எல்.ஆர். கைக்கு வந்தது. அன்றிலிருந்து வீட்டிலும் வகுப்பிலும் ஒரே கேள்விதான்: "என்னடா வண்டி வாங்கப் போற?"

எனக்கு இது அவ்வளவு சுலபமான கேள்வி இல்லை. என் உயரம் 6 அடி 2 அங்குலம். அப்பாவின் ஸ்ப்ளெண்டரில் உட்கார்ந்தால் சர்க்கஸில் கரடி சைக்கிள் ஓட்டுகிற மாதிரி இருக்கிறது என்று தங்கை சொல்கிறாள். அதைவிடப் பெரிய தொல்லை, எட்டு போடும்போது ஹேண்டில்பாரை முழுக்கத் திருப்பினால் அது என் முழங்காலில் இடிக்கும். இடித்ததும் வண்டி நேராகிவிடும். எட்டு பூஜ்யமாகிவிடும் :-)

நம் ஊர் வண்டிகள் எல்லாம் ஏன் இந்த அளவில் இருக்கின்றன என்று எரிச்சலோடு தேட ஆரம்பித்தேன். தேடியதில் கிடைத்தது பைக் ரிவ்யூ இல்லை, ஒரு சரித்திரம். ராணுவமும் டெல்லி சர்க்காரும் என் முழங்காலில் இவ்வளவு சம்பந்தப்பட்டிருப்பார்கள் என்று நான் நினைக்கவே இல்லை.

முதலில் புல்லட். உயரமான பையன் என்றாலே ஊரில் எல்லோரும் சொல்வது அதைத்தான். "உன் உயரத்துக்கு புல்லட்தாம்பா." சினிமாவில் பண்ணையாரும் போலீஸும் அதில் வந்து வந்து நமக்கு அப்படிப் பதிந்துவிட்டது. ஆனால் புல்லட் இந்த மண்ணில் வேர் பிடித்தது பண்ணையாருக்காக அல்ல, ராணுவத்துக்காக. 1950களின் ஆரம்பத்தில் எல்லை ரோந்துக்கு வண்டி தேடிய இந்திய ராணுவம் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டு 350 சி.சி. புல்லட்டைத் தேர்ந்தெடுத்தது. அதை இங்கே தருவித்துக் கொடுத்தவர்கள் சென்னையில் இருந்த மெட்ராஸ் மோட்டார்ஸ். ஆர்டர் வரவும், 1955ல் ரெட்டிச் நகரத்து ஆங்கிலேயக் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா என்று ஆரம்பித்தார்கள். திருவொற்றியூரில் தொழிற்சாலை. 1956ல் இங்கிலாந்திலிருந்து பெட்டி பெட்டியாக வந்த பாகங்களைப் பூட்டி அந்த வருடக் கடைசிக்குள் முடித்தது 163 வண்டிகள். ஒரு வருடத்துக்கு 163! இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஈ.சி.ஆர். ஓரம் டீக்கடையில் நின்று எண்ணினால் அந்தக் கணக்கு வந்துவிடும்.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. பாகங்கள் செய்யும் எந்திரங்களும் மெல்ல மெல்ல இங்கேயே வந்துவிட்டன. இங்கிலாந்தில் 1967ல் ரெட்டிச் தொழிற்சாலை நின்றது, 1970ல் அங்கே உற்பத்தியே முடிந்தது. அம்மா போன பிறகும் பிள்ளை திருவொற்றியூரில் அதே சட்டையைப் போட்டுக்கொண்டு இருந்தான். உலகம் முழுக்க கியர் இடது காலுக்கு மாறிவிட்டது, அமெரிக்கா 1970களின் நடுவில் அதைச் சட்டமாகவே ஆக்கிவிட்டது. நம் புல்லட்டில் மட்டும் 2000 தாண்டியும் கியர் வலது காலில், பிரேக் இடது காலில்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, விழுந்து தெரிந்துகொண்டேன். திருக்கழுக்குன்றத்தில் என் மாமாவிடம் 1986 மாடல் புல்லட் ஒன்று இருக்கிறது. எனக்கு எல்.எல்.ஆர். வந்ததும், "மாப்ள, நீ ஏன்டா வண்டிக்கு செலவு பண்ற, இதை எடுத்துக்க" என்றார். அவருக்குப் பையன் இல்லை. அந்த வண்டியை அவர் யாருக்கும் ஓட்டக்கூடக் கொடுத்ததில்லை. அம்மா கண் கலங்கிவிட்டாள்.

அதை ஸ்டார்ட் பண்ணுவதே ஒரு பூஜை மாதிரி. டீகம்ப்ரஷன் லீவரை அமுக்கிக்கொண்டு கிக்கரை மெல்ல இறக்க வேண்டும். ஆம்மீட்டர் முள் நடுவுக்கு வரும் இடத்தில் நிறுத்தி, லீவரை விட்டு, ஒரே உதை. அவசரப்பட்டால் கிக்கர் திரும்ப அடிக்கும், கணுக்கால் போய்விடும். இதில் உயரம் நிஜமாகவே உதவியது, இரண்டாவது உதையில் எடுத்துவிட்டேன். மாமாவுக்கு ஒரே சந்தோஷம்.

மைதானத்தில் ஒரு சுற்று நன்றாகத்தான் போனது. இரண்டாவது சுற்றில் ஒரு ஆட்டுக்குட்டி குறுக்கே வந்தது. ஸ்ப்ளெண்டரில் ஒரு மாதம் பழகிய வலது கால் "பிரேக்" என்று ஓங்கி மிதித்தது. அங்கே இருந்தது கியர். பழைய புல்லட்டில் முதல் கியர் மேலே, மற்றவை எல்லாம் கீழே. அதாவது நான் மிதித்தது அடுத்த கியரை. வண்டி நிற்கவில்லை, நேராக வேலிக்காத்தான் புதருக்குள் போனது. ஆட்டுக்குட்டிக்கு ஒன்றும் இல்லை. எனக்கு முழங்கையில் முள். சாய்ந்த வண்டியை இரண்டு கால்களையும் அகல ஊன்றித் தடுத்துப் பார்த்தேன், முடியவில்லை. 160 கிலோவுக்கு மேல். கால் எட்டுவது வேறு, எடை தாங்குவது வேறு. பழைய புல்லட் உண்மையில் உயரமான வண்டியே அல்ல. நீளம், கனம், சத்தம். நாம்தான் அதை உயரம் என்று எடுத்துக்கொண்டோம்.

சரி, இன்னொரு பக்கம் ஸ்ப்ளெண்டர். அது ஏன் அவ்வளவு சின்னது?

1980களின் ஆரம்பம் வரை இங்கே மோட்டார் சைக்கிள் என்றால் புல்லட், மைசூரில் செய்த ஜாவா, யெஸ்டி, அப்புறம் போலந்து வண்டியைப் பார்த்துச் செய்த ராஜ்தூத். எல்லாம் பழைய ஐரோப்பிய வார்ப்பு. பெட்ரோல் குடிக்கும். லைசென்ஸ் ராஜ்யம் என்பதால் வேறு யாரும் நினைத்தபடி செய்யவும் முடியாது. பிறகு அரசாங்கம் கதவைக் கொஞ்சம் திறந்தது. வெளிநாட்டுக் கம்பெனியோடு கூட்டுச் சேரலாம், ஆனால் 100 சி.சி. வரைதான் என்றது. அந்த இடுக்கு வழியாகத்தான் ஜப்பான்காரர்கள் நால்வரும் வந்தார்கள். 1984ல் ஓசூரிலிருந்து இண்ட்-சுசுகி ஏ.எக்ஸ். 100, 1985ல் ஹீரோ ஹோண்டா சி.டி. 100, அதே வருடம் எஸ்கார்ட்ஸ் மூலமாக யமஹா ஆர்.எக்ஸ். 100, அடுத்து பஜாஜ் கவாஸாகி. நம் அப்பாக்களின் கல்லூரிக் காதல் கதைகளில் எல்லாம் இந்த நான்கில் ஒன்று கட்டாயம் நிற்கும்.

அந்த 100 என்ற எண் ஒரு தலைமுறையின் உடம்பை அளந்துவிட்டது. சின்ன இன்ஜினுக்கு லேசான வண்டி, லேசான வண்டிக்கு சின்ன சட்டம். இந்திய ஆண்களின் சராசரி உயரம் சுமார் 165 செ.மீ., அவர்களுக்கு இது கச்சிதம். 1994ல் வந்த ஸ்ப்ளெண்டர் அதே வம்சம். இன்றைய ஸ்ப்ளெண்டர் பிளஸ் 112 கிலோ, இருக்கை உயரம் 785 மி.மீ., இரு சக்கரங்களுக்கும் நடுவே 1236 மி.மீ. இன்றைய புல்லட் 350 எடுத்தால் 195 கிலோ, 805 மி.மீ., 1390 மி.மீ. இருக்கை உயரத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் இரண்டே செ.மீ., எடையில் 83 கிலோ! கடையில் எல்லோரும் இருக்கை உயரத்தைத்தான் சொல்கிறார்கள். அது குட்டையானவர்களின் கேள்வி. நெட்டையனுக்கு வேண்டியது இருக்கைக்கும் கால் வைக்கும் கம்பிக்கும் உள்ள தூரம், ஹேண்டில்பாருக்கும் முழங்காலுக்கும் உள்ள தூரம். அவற்றை எந்த விளம்பரத் தாளிலும் நான் பார்க்கவில்லை. இன்னொன்றும் உண்டு. முன்னும் பின்னும் மிதிக்கிற அந்தக் கியர் லீவருக்கு நடுவில் என் 11ஆம் நம்பர் ஷூ அடங்கவே மாட்டேன் என்கிறது.

(நடுவில் ஒரு துணுக்கு: என்ஃபீல்டும் சும்மா இருக்கவில்லை. 80களில் ஜெர்மனியின் ஸுன்டாப் கம்பெனி வடிவமைப்பில் ராணிப்பேட்டையில் எக்ஸ்ப்ளோரர், சில்வர் பிளஸ், ஃப்யூரி என்று சின்ன வண்டிகள் செய்து பார்த்தது. ஜப்பான்காரர்கள் முன்னால் எடுபடவில்லை.)

ஆக, ஒரு பக்கம் ராணுவ வண்டி, இன்னொரு பக்கம் சிக்கன வண்டி. நடுவில் பல வருடம் காலி. 1999ல் சி.பி.இசட்., 2001ல் பல்சர் வந்துதான் அந்த இடம் நிரம்ப ஆரம்பித்தது. ஆனால் அவையும் அகலமும் வேகமும் கொடுத்தனவே தவிர காலுக்கு இடம் கொடுக்கவில்லை. நெட்டையர்களுக்கு விடிந்தது மண்பாதை வண்டிகள் மலிவாக வந்த பிறகுதான். 2016ல் ஹிமாலயன், 2019ல் ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200. எக்ஸ்பல்ஸின் இருக்கை 825 மி.மீ. அளவில், எடை 160 கிலோவுக்குள். ஹிமாலயன் 200 கிலோவை ஒட்டி வரும். 2022ல் வந்த ஹன்டர் 350 மீது வகுப்பில் பாதிப் பேருக்குக் காதல், எனக்கும்தான். ஆனால் அது கச்சிதமான வண்டி. உட்கார்ந்து பார்த்தேன், திரும்ப கரடி.

இதில் எனக்குள்ள வயிற்றெரிச்சல், சிங்கப்பெருமாள் கோயிலில் திரும்பி ஸ்ரீபெரும்புதூர் சாலையில் போனால் ஒரகடம். 2013லிருந்து அங்கே ராயல் என்ஃபீல்டு வண்டிகள் செய்கிறார்கள், 2017லிருந்து பக்கத்தில் வல்லம் வடகாலிலும். பைக் ஏற்றிய லாரிகள் தினம் செங்கல்பட்டு வழியாகத்தான் தெற்கே போகின்றன. ஊர் முழுக்க வண்டி, எனக்கு ஒன்று பொருந்தவில்லை.

தேடலில் என்னை நிஜமாக உட்கார வைத்தது வேறு ஒரு விஷயம். இங்கிலாந்தில் 1961லேயே, பழகுகிறவர்கள் 250 சி.சி.க்கு மேல் ஓட்டக்கூடாது என்று சட்டம் வந்தது. அந்தப் பையன்களுக்காகவே ரெட்டிச்சில் 250 சி.சி. கான்டினென்டல் ஜி.டி. செய்தார்கள். 1983ல் அந்த வரம்பு 125 ஆகக் குறைந்தது. இங்கே அப்படி எதுவும் கிடையாது. கியர் உள்ள மோட்டார் சைக்கிள் என்று ஒரே வகைதான். 18 வயதில் 100 சி.சி. வண்டியில் எட்டு போட்டுவிட்டு, மறுநாள் 200 கிலோ தாண்டிய 650 சி.சி. இன்டர்செப்டரை ஓட்டிப் போகலாம், சட்டம் ஒன்றும் கேட்காது. கம்பெனிகள் என்ன செய்யலாம் என்பதற்கு டெல்லி 100 என்று கோடு போட்டது. பழகுகிறவன் எதை ஓட்டலாம் என்பதற்கு யாருமே கோடு போடவில்லை. அந்தக் கோட்டை நாமேதான் போட்டுக்கொள்ள வேண்டும். 18 வயதில் யார் போடுவார்கள்?

நான் ஓட்டப் போகும் சாலை எனக்குத் தெரியும். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம், சுமார் 30 கி.மீ. வளைவுகள், ஏரிக்கரை, நெல் காயப்போட்ட சாலை ஓரம், மாடு. அந்தப் பக்கம் ஈ.சி.ஆர். ஏறியதும் கடல் காற்று பக்கவாட்டில் தள்ளும். உயரமாக உட்கார்ந்திருப்பவன் பாய்மரம் மாதிரி அதை வாங்கிக்கொள்வான். ஓரத்தில் மணல் ஏறிக் கிடக்கும், காலை ஊன்றினால் வழுக்கும். ஞாயிறு காலை சென்னையிலிருந்து பெரிய வண்டிகள் பறக்கும் வேகத்தைப் பார்த்தால் அம்மா பயப்படுவதில் தப்பே இல்லை. அந்தச் சாலையில் எனக்கு வேண்டியது கால் மடங்காமல் உட்கார இடம், சாய்ந்தால் நானே தூக்கக்கூடிய எடை, எல்லோருக்கும் இருக்கும் பக்கத்தில் பிரேக். ஏ.பி.எஸ். கூடவே வந்துவிடும். 125 சி.சி.க்கு மேல் உள்ள புது வண்டிகளுக்கு 2019 ஏப்ரலிலிருந்து அது கட்டாயம்.

அதனால் எட்டு போடும் வரை அப்பாவின் ஸ்ப்ளெண்டரிலேயே மடங்கி உட்காரப் போகிறேன். இருக்கையில் ஒரு சாண் பின்னால் தள்ளி உட்கார்ந்தால் முழங்கால் இடிப்பதில்லை என்று நேற்றுதான் கண்டுபிடித்தேன். லைசென்ஸ் வந்ததும் பழைய எக்ஸ்பல்ஸ் ஒன்று.

மாமாவிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. முழுக்கக் கேட்டார். கொஞ்ச நேரம் பேசவில்லை. புல்லட் டேங்க்கைத் துண்டால் துடைத்துக்கொண்டே, "இது எங்கயும் போயிடாது மாப்ள. ரெண்டு வருஷம் அதை ஓட்டிட்டு வா, அப்புறம் வலது கால் கியர் சொல்லித் தரேன்" என்றார். சனிக்கிழமை கூடுவாஞ்சேரியில் ஒரு 2021 மாடல் பார்க்கப் போகிறோம். மாமாவும் கூட வருகிறாராம். சத்தத்தைக் கேட்டே இன்ஜின் எப்படி என்று சொல்லிவிடுவாராம்.