துண்டுச் சீட்டும் உலாவியும்

நாவலப்பிட்டியைச் சூழ்ந்த மலைத் தோட்டங்களின் வரலாற்றைக் கற்பிக்கும் ஆசிரியர் எவரும் ‘துண்டு’ முறையைச் சொல்லாது செல்ல இயலாது. ஒரு தோட்டத்தை விட்டு மற்றொன்றுக்குச் செல்ல விரும்பிய தொழிலாளியின் கடன் இவ்வளவு, அதைத் தீர்ப்போர் அவனை ஏற்றுக்கொள்ளலாம் என்று எழுதப்பட்ட சீட்டே துண்டு. அவனைப் பற்றிய அந்தச் சீட்டைப் பெரும்பாலும் அவனால் வாசிக்கவும் இயலாது. துரைமாரும் கங்காணிமாரும் அதனை வைத்து அவனை விலை பேசினர். 1921 ஆம் ஆண்டில் அம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

அண்மையில் என் மாணவி ஒருத்தி, தாயின் கடனை அடைக்க வழி தேடிக் கைப்பேசியில் சில பக்கங்களைப் பார்த்தாள். மறுநாள் பாடத்துக்காகத் திறந்த பக்கங்களிலும் கடன் கொடுப்போரின் விளம்பரங்கள் வந்து நின்றன. “சேர், எங்க வீட்டுக் கடன் இவங்களுக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டாள். அக்கேள்விக்கு விடை தேடினால் இன்னொரு துண்டின் வரலாறு புலனாகும்.

இணையப் பக்கங்களை நமக்குத் திறந்து காட்டும் மென்பொருளை உலாவி என்கிறோம். ஜெனீவாவில் உள்ள சேர்ன் ஆய்வுகூடத்தில் ரிம் பேர்ணர்ஸ்-லீ 1990 இல் முதல் உலாவியை ஆக்கினார். 1993 ஏப்ரல் 30 ஆம் நாள் அந்நிறுவனம் வலை நுட்பத்தை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என அறிவித்தது. பொதுச்சொத்தாகப் பிறந்த அத்துறையில் வணிகம் விரைந்து புகுந்தது. 1994 இல் நெற்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மொன்ருலி ‘குக்கி’யை உருவாக்கினார். ஒரு தளம் நம் கணினியில் இட்டுவைக்கும் சிறு குறிப்பே அது. மீண்டும் செல்லும்போது அதைக் கொண்டு நம்மை இனங்காணும். கடைக்காரன் நம் கூடையை நினைவில் வைத்திருப்பதற்கு ஒப்பான இவ்வசதியை விளம்பர நிறுவனங்கள் தம் கருவியாக்கின. ஆயிரம் தளங்களில் விளம்பரமிடும் ஒருவன், அவ்வாயிரம் இடங்களிலும் தன் குறிப்பை வாசித்து நம் நடமாட்டத்தைக் கோத்துவிடுகிறான். நம்மைப் பற்றி எழுதப்பட்டு, நாம் வாசிக்க இயலாது, பிறர் விலைபேசும் சீட்டு மீண்டும் வந்துவிட்டது.

மைக்ரோசொவ்ற்றின் போட்டியால் நலிந்த நெற்ஸ்கேப், 1998 மார்ச் 31 ஆம் நாள் தன் உலாவியின் மூலநிரலை உலகுக்குத் திறந்துவிட்டது. அதிலிருந்து மொசில்லா இயக்கம் வளர்ந்தது. 2004 நவம்பரில் பயர்பொக்ஸின் முதற் பதிப்பு வெளிவந்தது. அடுத்த மாதம் ஏறத்தாழப் பத்தாயிரம் பேர் பணம் சேர்த்து அதனை நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகையில் விளம்பரப்படுத்தினர். தன்னார்வலர் உழைப்பால் அது தமிழிலும் வந்தது. சில காலம் இலங்கைத் தமிழுக்கெனத் தனிப் பதிப்பும் இருந்தது.

மூலநிரல் திறந்திருப்பதன் பயன் யாது? உலாவி நம்மை வேவு பார்க்கிறதா என்பதை அறிந்தவர் எவரும் திறந்து பார்க்கலாம்; பிடிக்காததை நீக்கி வேறொன்று ஆக்கலாம். ரோர் உலாவியும் லிப்ரவுல்பும் அவ்வாறு பயர்பொக்ஸிலிருந்து பிறந்தவையே. 2019 இல் பயர்பொக்ஸ், பின்தொடரும் குக்கிகளைத் தானாகவே தடுக்கத் தொடங்கியது. 2022 இல் ஒவ்வொரு தளத்தின் குக்கிகளையும் தனித்தனி உண்டியலில் அடைத்து வைத்தது. பயனர் தம் விருப்பப்படி நீட்சிகளைச் சேர்த்து மேலும் காவலிடலாம்.

எனினும் முரண்பாட்டை மறைத்தல் ஆகாது. மொசில்லாவின் வருவாயிற் பெரும்பகுதி, தன் தேடுபொறியை முன்வைக்கக் கூகிள் தரும் பணமே. விளம்பரத்தால் வாழும் அந்நிறுவனத்தின் குரோம் உலாவியே உலகில் மிகப் பெரும்பாலோர் கையில் உள்ளது. வேவுக்கு எதிரான கருவி, வேவின் இலாபத்தில் உயிர் வாழ்கிறது! மேலும், நாமே எழுதிக் கொடுக்கும் பெயரையும் இலக்கத்தையும் எந்த உலாவியும் மறைத்துத் தராது.

ஆகவே மாணவர் நல்ல உலாவியைத் தெரிந்து பயன்படுத்துதல் முதற்படி மட்டுமே. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டில் நிறைவேற்றப்பட்டுள்ளது. அதில் நமக்குள்ள உரிமை யாது என்று வகுப்பறையில் வாசித்தல் அடுத்த படி. தொழிலாளி தன் துண்டைத் தானே கிழித்தெறிந்து விடுதலை பெறவில்லை. அம்முறையே ஒழிய வேண்டியிருந்தது. அன்று துண்டை வாசிக்க இயலாத மக்களின் பேத்தி, இன்று தன்னைப் பற்றிய சீட்டை எழுதுவோர் யார் என்று கேட்கிறாள். அக்கேள்வியை வளர்ப்பது ஆசிரியர் கடன்.