தத்தெடுப்பு, குழந்தையின்மை: சட்டம் வந்த கதை, கவுன்சலிங் வராத கதை

நம்ம பக்கத்து அம்மன் கோயில் மரங்கள்ல சின்னச் சின்ன மரத்தொட்டில் தொங்குறதைப் பார்த்திருப்பீங்க. குழந்தை வேணும்னு வேண்டிக்கிட்டவங்க கட்டினது. 2011-ல் அரசாங்கம் விழுப்புரம் மாவட்டத்துக்கு இன்னொரு தொட்டிலைக் கொண்டுவந்தது. அது, பெத்த குழந்தையை வளர்க்க முடியாதவங்க விட்டுட்டுப் போறதுக்கு.

இந்த ரெண்டு தொட்டிலுக்கும் நடுவுல என்ன நடந்ததுங்கறதுதான் இந்த த்ரெட். கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

முதல்ல தத்து. நம்ம நாட்டுல தத்து என்பது ரொம்ப காலம் குழந்தைக்கானதா இருக்கலை. சொத்துக்கு வாரிசு வேணும், கொள்ளி போட ஒரு ஆண் பிள்ளை வேணும். பழைய இந்து சட்டத்தில் பொதுவாகப் பெண் குழந்தைக்கு இடமே இல்லை. சாதியும் ஒன்றாக இருக்கணும்.

ராமநாதபுரம் ஜமீன் வழக்கைப் பாருங்க. கணவர் இறந்த பிறகு ராணி பர்வதவர்த்தினி நாச்சியார் ஒரு பையனைத் தத்தெடுத்தார். மதுரை கலெக்டர் அது செல்லாது என்றார். செல்லாவிட்டால் ஜமீன் அரசாங்கத்துக்குப் போகும், அதான் விஷயம். வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. கணவரின் பங்காளிகள் சம்மதித்தால் தென்னாட்டில் கைம்பெண் தத்தெடுக்கலாம் என்று 1868-ல் தீர்ப்பு வந்தது. ராணி ஜெயித்தார். ஆனா கேள்வி எல்லாமே அதிகாரம் யாருக்கு, ஜமீன் யாருக்கு என்பதுதான். பிள்ளையைக் கொடுத்த அம்மாவைப் பற்றி அந்த வழக்குக்குக் கவலை இல்லை.

1956-ல் இந்து தத்தெடுப்புச் சட்டம் வந்தது. பெண் குழந்தையையும் தத்தெடுக்கலாம், சாதி நிபந்தனை போச்சு. பெரிய மாற்றம். ஆனா கல்யாணமான பெண் தன் பெயரில் தத்தெடுக்க 2010 திருத்தம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இந்தச் சட்டப்படி அண்ணன் பிள்ளையைத் தம்பி எடுத்துப்பார், சார்பதிவாளர் ஆபீஸ்ல பத்திரம் பதிவாகும், முடிஞ்சது. யாரும் உட்கார வைத்துப் பேசுவதில்லை. விளைவு என்னன்னா, ஊருக்கே தெரியும், அந்தப் பிள்ளைக்கு மட்டும் தெரியாது. பெத்தவளைப் பெரியம்மான்னு கூப்பிட்டு வளரும்.

ஒரு டாக்டரா இதில் எனக்குப் பயம் ஒன்னு உண்டு. அப்பா ஓ பாசிட்டிவ், அம்மா ஓ பாசிட்டிவ், காலேஜ் ரத்ததான முகாம்ல பையனுக்கு பி பாசிட்டிவ். வீட்ல மறைத்ததை ஒரு சின்ன அட்டை சொல்லிடும். (மிக அபூர்வமான விதிவிலக்கு உண்டு. அதை நம்பி ரகசியம் காக்க முடியாது.) அஞ்சு வயசுல கதையா சொல்லியிருந்தா கதையாவே போயிருக்கும்.

பேச்சு எப்போ உள்ளே வந்தது? வெளிநாட்டுக்குக் குழந்தைகளை அனுப்புவதில் முறைகேடு நடக்குதுன்னு வழக்கறிஞர் லட்சுமி காந்த் பாண்டே உச்ச நீதிமன்றத்துக்குக் கடிதம் எழுதினார். 1984-ல் நீதிபதி பகவதி தீர்ப்பு சொன்னார். இந்தியக் குழந்தைகள் நலச் சங்கம் போன்ற தொண்டு அமைப்புகள் ஒவ்வொரு விண்ணப்பத்தையும் பரிசீலித்து கோர்ட்டுக்குச் சொல்லணும், பெத்தவங்களை நிர்பந்திக்கக் கூடாது என்றெல்லாம் அதில் வந்தது. சமூகப் பணியாளர் வீட்டுக்கே வந்து, ‘ஏன் தத்தெடுக்கறீங்க, பிள்ளைகிட்ட சொல்வீங்களா’ன்னு கேட்கும் வழக்கம் இந்தக் காலத்தில்தான் வேர்விட்டது.

பிரிட்டன்ல 1975-லேயே, தத்துப்பிள்ளை பெரியவனானதும் தன் அசல் பிறப்புச் சான்றிதழைப் பார்க்கலாம்னு சட்டம் போட்டாங்க. அதற்கு முன்பு தத்துக் கொடுக்கப்பட்டவர்கள் கவுன்சலரைச் சந்தித்த பிறகுதான் பார்க்க முடியும். காகிதத்தைக் கொடுத்தா மட்டும் போதாதுன்னு அவங்களுக்குப் புரிஞ்சிருக்கு.

இப்போ நம்ம தொட்டிலுக்கு வருவோம். பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992-ல் சேலத்தில் ஜெயலலிதா அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது. 2001-ல் மதுரை, தேனி, திண்டுக்கல், தருமபுரிக்குப் போனது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பெண் குழந்தை விகிதம் குறைந்ததைப் பார்த்து கடலூர், அரியலூர், பெரம்பலூர், திருவண்ணாமலையோடு விழுப்புரத்துக்கும் வந்தது. திண்டிவனமும் அதில் அடக்கம்.

பெண் குழந்தையைக் கைகழுவ அரசே வழி செஞ்சு கொடுக்குதுன்னு அப்பவே விமர்சனம் இருந்தது. என் கட்சி, செத்துப்போறதைவிட தொட்டில் மேல். ஆனா அந்தத் தொட்டிலின் பலமும் பலவீனமும் ஒன்றுதான்: யாரும் எதுவும் கேட்க மாட்டாங்க.

பிரசவமாகி ரெண்டு நாள்கூட ஆகாத ஒருத்தி இருட்டுல வந்து வெச்சுட்டுப் போறா. அவளுக்குப் பால் கட்டும், காய்ச்சல் வரும், ரத்தப்போக்கு நிக்காம இருக்கலாம், மனச்சோர்வு வரலாம். அவளை யார் பார்ப்பா? அந்தக் குழந்தைக்கும் இருபது வருஷம் கழிச்சு, ‘வீட்ல யாருக்காவது சுகர், இதய நோய் உண்டா’ன்னு கேட்டா பதில் இருக்காது.

இதற்கு மாற்று ஒன்று இருக்கு, பலருக்குத் தெரியலை. 2015 இளைஞர் நீதிச் சட்டப்படி தாய் குழந்தைகள் நலக் குழுவிடம் முறையாக ஒப்படைக்கலாம். கவுன்சலிங் தரணும், பெயரை ரகசியமா வைக்கணும். மனசு மாறினால் திரும்ப வாங்கிக்கொள்ள 2 மாதம் அவகாசம் உண்டு. தொட்டிலில் வைத்துவிட்டுப் போனவளுக்கு இதையெல்லாம் சொல்ல ஆள் கிடையாது.

கோயில் மரத்தில் தொட்டில் கட்டினவங்க கதையும் இதே மாதிரிதான். 1990-ல் சென்னையில் டாக்டர் கமலா செல்வராஜ் (ஜெமினி கணேசன் மகள்) தென்னிந்தியாவின் முதல் சோதனைக்குழாய் குழந்தையைக் கொண்டுவந்தார். அதே 1990-ல் பிரிட்டன், சிகிச்சைக்கு முன்பே கவுன்சலிங் பெற வாய்ப்புத் தரணும்னு சட்டத்தில் எழுதிட்டது. நம்ம சட்டம் வந்தது 2021-ல். இடையில் 31 வருஷம். அதுவரை திண்டிவனத்திலிருந்து சென்னைக்கும் புதுச்சேரிக்கும் பஸ் ஏறின தம்பதிகளுக்கு, வெற்றி வாய்ப்பு எவ்வளவு, எப்போ நிறுத்தலாம்னு உட்கார்ந்து பேசுற கடமை எந்தச் சட்டத்திலும் இல்லை. பாதிக் கேஸ்களில் ஆண் பக்கமும் காரணம் இருக்கும். பட்டம் மட்டும் பெண்ணுக்கு.

பேச ஆள் இல்லாத இடத்தில் தரகர் வருவார். 2019-ல் ராசிபுரத்தில் குழந்தை விற்பனை அம்பலமானது ஞாபகம் இருக்கா? ஓய்வு பெற்ற நர்ஸ் ஒருவர் கைதானார். ‘தெரிஞ்ச நர்ஸ் மூலமா ஏற்பாடு பண்ண முடியுமா’ன்னு இன்னிக்கும் சாதாரணமா கேட்கறாங்க. முறைதவறித் தத்தெடுத்தால் 3 ஆண்டு வரை சிறை. குழந்தையை விற்றால், வாங்கினால் 5 ஆண்டு வரை. ஆஸ்பத்திரி ஊழியர் செய்தால் 3 முதல் 7 ஆண்டு.

சரியான வழி: மத்திய தத்தெடுப்பு ஆணையமான காராவின் இணையதளத்தில் பதிவு. விவரம் கேட்க மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு. 2022 செப்டம்பரிலிருந்து கோர்ட்டுக்குப் போக வேண்டாம், உத்தரவை கலெக்டரே தருவார். காத்திருப்பு வருடக்கணக்கில் ஆகும், அதை மறைக்க விரும்பலை.

குழந்தையை வளர்க்க முடியாத நிலையில் யாராவது இருந்தால், தொட்டிலுக்கு முன்னாடி 1098-க்குப் போன் பண்ணச் சொல்லுங்க. கூடவே, அந்தத் தாயை ஒரு தடவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வாங்க.