கொழும்பு மேடையில் ஒரு கொடுமுடிக் குரல்



மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் வட்டக்களரியைச் சுற்றியிருந்து கூத்துப் பார்த்தவர்களுக்கு ஒரு விடயம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. களரியிலே முகத்தைவிடக் குரலுக்கே முதலிடம். மத்தளமும் தாளமும் முழங்க, விடியும்வரை, ஓரத்தில் பாய் விரித்திருப்பவரின் காதுக்கும் சொல் தெளிவாகப் போய்ச் சேர வேண்டும். ஒலிவாங்கி வருவதற்கு முந்திய காலத்தில் நாடகக் கலைஞர் அனைவருக்கும் இதுவே பரீட்சையாக இருந்தது.

அந்தப் பரீட்சையில் மிக இளம் வயதிலேயே தேறியவர் கே. பி. சுந்தராம்பாள். காவிரிக் கரையிலுள்ள கொடுமுடியில் 1908ஆம் ஆண்டு பிறந்தவர். வறுமை வாட்டிய குடும்பம். ரயில் வண்டியில் பாடிக் காசு சேர்த்த சிறுமி அவர் என்றும், அந்தக் குரலைக் கேட்டு வியந்த ரயில்வே அதிகாரி நடேச ஐயர் அவரை நாடகத் துறைக்குக் கொண்டு சென்றார் என்றும் சொல்லப்படுகிறது. ஓடும் வண்டியின் இரைச்சலை மீறிப் பாடக் கற்ற தொண்டைக்கு நாடகக் கொட்டகை பெரிதாகத் தோன்றியிராது.

அன்றைய நாடக மேடையின் தன்மையை இங்கே நாம் நினைத்துப் பார்க்க வேண்டும். சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிய 'வள்ளி திருமணம்', 'பவளக்கொடி', 'கோவலன்' போன்ற நாடகங்களைத் தெரிந்த நடிகர்கள் வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்து, அன்றிரவே ஒன்றுகூடி ஆடுவார்கள். இதற்கு 'ஸ்பெஷல் நாடகம்' என்று பெயர். ஒத்திகை கிடையாது. ஒருவர் பாட்டால் கேள்வி தொடுக்க, மற்றவர் பாட்டால் மறுமொழி சொல்ல வேண்டும். தடுமாறினால் சபை விடாது. பாட்டும் சமயோசிதமும் சேர்ந்தவரே அங்கு நிலைத்தனர்.

இந்தப் புகழ்க்கதையில் இலங்கைக்கும் ஒரு பங்கு உண்டு. இந்திய நாடகக் குழுக்கள் கடல் கடந்து வந்து கொழும்பில் தங்கி நாடகம் போட்ட காலம் அது. சுந்தராம்பாளின் இளமைப் புகழ் பெருமளவு இங்கேதான் வளர்ந்தது. 1926இல் செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பாவும் அவரும் கொழும்பு மேடையில் இணைந்தனர். அவருக்கு அப்போது பதினெட்டு வயதளவு, கிட்டப்பாவுக்கு இருபது. கிட்டப்பாவும் சிறு வயதிலேயே மேடையேறிப் பெயர் பெற்றவர். உச்சத்தில் சஞ்சரிக்கும் சாரீரம் அவருக்கு. 'இவரோடு பாடி ஈடுகொடுக்க முடியுமா?' என்ற ஐயத்துக்குச் சபையின் ஆரவாரமே விடை சொன்னது. இருவரும் 1927இல் மணம் புரிந்தனர். கிட்டப்பா ஏற்கெனவே மணமானவர். ஆகவே அந்த வாழ்வு எளிதாக அமையவில்லை.

இளமையில் வந்த புகழ் இருவரையும் ஒரேவிதமாக நடத்தவில்லை. உடல்நலம் கெட்ட கிட்டப்பா 1933 டிசெம்பரில், 27 வயதில் மறைந்தார். சுந்தராம்பாளுக்கு அப்போது 25 வயது. வெள்ளைக் கதராடை அணிந்தார். எந்த ஆண் நடிகருக்கும் இனி ஜோடியாக நடிப்பதில்லை என்று உறுதி பூண்டார்.

வள்ளியாகவும் பவளக்கொடியாகவும் காதற் பாத்திரங்களே காத்திருந்த ஒரு நடிகைக்கு இந்த முடிவு தொழிலையே கைவிடுவதற்குச் சமம். ஆனால் அவர் கைவிடவில்லை. 1935இல் வெளிவந்த 'நந்தனார்' திரைப்படத்தில் நந்தனாராகவே, ஆண் வேடத்தில் தோன்றினார். வேதியராக நடித்தவர் சங்கீத வித்துவான் மகாராஜபுரம் விசுவநாத ஐயர். இப்படத்துக்கு அவர் பெற்ற சன்மானம் ஒரு இலட்சம் ரூபாய் என்பது சினிமா வரலாற்றில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் செய்தி. நமது கூத்து மரபில் ஆண்கள் பெண் வேடம் கட்டுவது வழக்கம். இங்கே ஒரு பெண் ஆண் வேடம் பூண்டு, தன் விரதத்தையும் காத்துத் தன் தொழிலையும் காத்துக்கொண்டார்.

1953இல் எஸ். எஸ். வாசனின் ஜெமினி நிறுவனம் 'ஔவையார்' படத்தை வெளியிட்டது. நாற்பத்தைந்தை எட்டாத சுந்தராம்பாள் கோலூன்றிய தமிழ் மூதாட்டியானார். 1964இல் 'பூம்புகார்' படத்தில் கவுந்தியடிகள். 1965இல் 'திருவிளையாடல்' படத்தில் மீண்டும் ஔவையார். 'துணைவன்' படத்துக்காக 1969ஆம் ஆண்டின் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது, 1970இல் பத்மஸ்ரீ என்று பெருமைகள் தொடர்ந்தன. இடையே காங்கிரஸ் மேடைகளில் விடுதலைப் பாட்டுப் பாடியவர், சென்னைச் சட்ட மேலவையிலும் உறுப்பினராக அமர்ந்தார். 1980இல் மறைந்தார்.

இங்கே நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு. துறவி, பக்தர், மூதாட்டி என்ற வேடங்களை அவர் விரும்பித் தேர்ந்தாரா, அல்லது கணவனை இழந்த இளம் பெண்ணுக்குச் சமூகம் திறந்து வைத்த கதவு அது ஒன்றுதானா? இரண்டிலும் உண்மை இருக்கிறது. கதவு ஒடுக்கமானது; அதை அமைத்தது அவரல்ல. ஆனால் அதற்குள் நுழைந்த பின், அந்த இடத்தைத் தனக்கேயுரிய அரசாக ஆக்கிக்கொண்டவர் அவரே.

அவருடைய குரல் அழகையும் இளமையையும் நம்பி வளர்ந்ததல்ல. சொல்லைக் கடைசி ஆளின் காதுவரை கொண்டு சேர்ப்பதற்கென்றே வளர்ந்தது. இளமை போனபோது அதனோடு போகவேண்டியது எதுவும் அந்தக் குரலில் இல்லை. பதினெட்டு வயதில் கொழும்புச் சபை கேட்டதும், அதன்பின் நாற்பது ஆண்டுகள் கழித்துத் 'திருவிளையாடல்' பார்த்தவர்கள் கேட்டதும் அதே கணீரென்ற குரல்தான். புகழ் இளமையில் வந்தாலும், அதைத் தாங்கி நின்றது ரயிலிலும் கொட்டகையிலும் பெற்ற பயிற்சியே.